வெயில் வீணாகாமல்: மாவடு முதல் மண்பானை வரை

மாவடு சந்தைக்கு வருவது மாசிக் கடைசியில். நல்ல வடு கிடைப்பது மூன்று நான்கு வாரம். அதற்குப் பிறகு வருவதில் கொட்டை கட்டியிருக்கும். வேப்பம்பூ பங்குனியில் உதிரத் தொடங்கிச் சித்திரை நடுவில் ஓய்ந்துவிடும். வடாமுக்கு வேண்டிய சுள்ளென்ற வெயில், கோடை மழை எட்டிப் பார்க்கும் வரைதான். கோடையில் ருசித்து அனுபவிக்க இருப்பவை எல்லாமே இப்படித் தவணை வைத்து வருபவை. எது எந்த வாரத்தில் வரும் என்று தெரிந்து ஜாடியும் துணியும் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவை ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கின்றன. அளவெல்லாம் நாலு பேர் உள்ள வீட்டுக்கானவை. மாவடுவுக்கும் வடாமுக்கும் நீட்டி எழுதியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது அவை இரண்டும்தான்.

மாவடு

வடுவில் உருண்டை, நீட்டு என்று இரண்டு வாகு உண்டு. ஊறவைக்க உருண்டைதான் நல்லது. சீராகச் சுருங்கும், நாளாகியும் கடிக்கக் கெட்டியாக இருக்கும். பெரிய நெல்லிக்காய் அளவுக்கு மேல் போனதை வாங்க வேண்டாம். ஒன்றை எடுத்து நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். உள்ளே விதை பால்வெள்ளையாக, நகம் சுலபமாக இறங்கும்படி இருந்தால் சரி. நகம் தடுக்கினால் கொட்டை கட்டிவிட்டது. அந்தக் குவியலையே விட்டுவிடலாம். காற்றில் உதிர்ந்து பொறுக்கியெடுத்த வடு மலிவாகக் கிடைக்கும். அதில் ஏதாவது ஒரு பக்கம் கன்றியிருக்கும். அந்த இடம் பத்தாம் நாள் கொழகொழவென்று ஆகிப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். காம்போடு பறித்த வடுவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

1 கிலோ வடுவுக்கு: கல் உப்பு 150 முதல் 200 கிராம், காய்ந்த மிளகாய் 40 கிராம், கடுகு 25 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. வருடம் முழுக்க வைத்துக்கொள்வதாக இருந்தால் உப்பு 200 கிராமே போடுங்கள். உப்பைக் குறைத்துவிட்டு, கெடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் மாவடுவில் எல்லோரும் செய்யும் தவறு.

வாங்கிய அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள். காம்பைக் கால் அங்குலம் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்கினால் அந்த வாய் வழியாக உப்புநீர் வேகமாக உள்ளே இறங்கி வடு மெத்தென்று ஆகிவிடும். நறுக்கும்போது கசியும் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வடிகட்டி, பழைய பருத்தித் துணியில் பரப்பி நிழலில் உலர விடுங்கள். ஒவ்வொன்றாகத் துடைக்கவும் வேண்டும், காம்படியில் தங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் பூஞ்சை பிடிக்க.

ஈரம் போனதும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, பீங்கான் ஜாடியில் ஒரு கை வடு, ஒரு பிடி உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே உப்பு மூடுகிற மாதிரி முடியுங்கள். வெள்ளைத் துணியால் வேடு கட்டி வையுங்கள். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்க வேண்டும். கரண்டி விட்டுக் கிளற வேண்டாம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் அடியில் தண்ணீர் விடத் தொடங்கும். நாலாம் நாள் பார்த்தால் ஜாடி முக்கால்வாசியாக இறங்கியிருக்கும், வடுவின் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, பச்சை நிறம் மங்கியிருக்கும். உப்பு காயில் உள்ள நீரை வெளியே இழுத்துவிட்டது என்று பொருள். நாமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை.

இந்த உப்புநீரை வடித்து ஒரு கொதி விட்டு, முழுக்க ஆறவிடுங்கள். மிளகாயையும் கடுகையும் ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, மஞ்சள்தூள் சேர்த்து, இந்த நீரையே விட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். கடுகை வறுக்கக் கூடாது. மாவடுவுக்கு உரிய அந்த மூக்கில் ஏறும் காரம் பச்சைக் கடுகை நீர் விட்டு அரைக்கும்போது பிறப்பது. வறுத்தால் அது போய்விடும். விழுதை மிச்ச உப்புநீரில் கரைத்து வடுவில் ஊற்றுங்கள். வடு மூழ்கியிருக்க வேண்டும், மேலே மிதப்பதுதான் முதலில் கெடும். தினம் ஒரு தரம் குலுக்கி, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால் தொட்டுக்கொள்ளலாம்.

மேலே வெள்ளையாக ஆடை மாதிரி படர்ந்து, அது மெல்லிசாகவும் வாடை மாறாமலும் இருந்தால் உப்புப் போதவில்லை என்று அர்த்தம். ஆடையை எடுத்துவிட்டு, நீரை மறுபடி கொதிக்கவைத்து ஆற்றி, 25 கிராம் உப்புக் கூட்டி ஊற்றலாம். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு போலப் பூத்திருந்தால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுங்கள். எடுக்கிற கரண்டி மரக்கரண்டியாக, உலர்ந்ததாக இருக்கட்டும். வடு தீர்ந்த பிறகு ஜாடியில் நிற்கும் நீரை வீணாக்க வேண்டாம். மோர் சாதத்தில் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்தால் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

கூழ் வடாம்

சில ஊரில் வடாம், சில ஊரில் கூழ்வத்தல். பங்குனியே இதற்கு ஏற்ற மாதம். வெயில் ஏறிவிட்டிருக்கும், மாலை இடிமழை இன்னும் தொடங்கியிருக்காது. தொடர்ந்து மூன்று நாள் வானம் வெளுத்திருக்கும் என்று தோன்றுகிற போது ஆரம்பியுங்கள்.

பிழிகிற வடாமுக்கு: பச்சரிசி மாவு 4 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் 12 டம்ளர், பச்சை மிளகாய் 12 முதல் 15, கல் உப்பைப் பொடித்து 3 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, பெருங்காயம், எலுமிச்சம்பழம் 2. மாவை மெஷினில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவு கரகரவென்று இருந்தால் அச்சு அடைக்கும், காய்ந்ததும் வடாம் நொறுங்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூழ் கிளறினால் ஆறரைக்குப் பிழியலாம். 12 டம்ளர் தண்ணீரில் 4 டம்ளரை எடுத்து மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி 8 டம்ளரை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவைத்து, முன்னிரவே ஊறவைத்த ஜவ்வரிசியைப் போட்டுக் கண்ணாடியாக வேகவிடுங்கள். உப்பும், மிளகாயை அரைத்து வடிகட்டிய சாறும் அதில் சேரட்டும். மிளகாய் விழுதை அப்படியே போட்டால் விதையும் தோலும் அச்சின் கண்ணில் சிக்கும். இப்போது தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் கிளற வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.

வெந்ததை நிறம் சொல்லும். வேகாத கூழ் சுண்ணாம்பு வெள்ளை. வெந்தது பளபளப்பாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு இருக்கும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. இந்தப் பதம் வந்த பிறகும் மூடிபோட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்திருங்கள். வடாம் பொரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் அரைவேக்காட்டுக் கூழ்தான். மாவு நன்றாக வெந்து இறுகியிருந்தால்தான், எண்ணெயில் போட்டதும் உள்ளே எஞ்சியிருக்கும் துளி ஈரம் ஆவியாகி அதை உப்பவைக்கும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு, கையால் தேய்த்த சீரகம், பெருங்காயம் சேருங்கள். எலுமிச்சை வடாமை வெளுப்பாகவும் வைக்கும்.

கூழை வாயில் போட்டுப் பார்த்தால் உப்பு ஒரு பிடி குறைவாகத் தெரிய வேண்டும். காயக் காய நீர் போய் உப்பும் காரமும் ஏறும். கூழில் சரியாக இருந்தால் வடாமில் கரிக்கும். பிழிவதற்கு முன் ஒரு கிண்ணம் கூழை எடுத்து, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டுச் சூடாகச் சாப்பிடாமல் யாரும் மாடி ஏறக் கூடாது. வடாம் போடும் நாளின் காலைப் பலகாரம் அதுதான்.

மாடியைப் பெருக்கிக் கழுவி, பாய் விரித்து, அதன் மேல் நனைத்துப் பிழிந்த பருத்தி வேட்டியை விரியுங்கள். பிளாஸ்டிக் தாளில் காய்ந்தவை உரிப்பதற்குச் சுலபம். ஆனால் அதில் அடிப்பக்கம் வியர்க்கும், வெயில் குறைவான நாளில் அங்கே புளிப்பு வாடை வந்துவிடும். துணி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கூழ் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பிழியுங்கள், ஆறினால் தோள் வலிக்கும். ஓமப்பொடி அச்சில் சின்னச் சின்னக் கூடாகப் பிழிந்தால் சீக்கிரம் காயும். முறுக்கு அச்சில் கனமாகப் பிழிந்தால் ஒரு நாள் கூடுதலாகும். ஒன்றோடொன்று தொடாமல் விரலிடை விடுங்கள். மூலைக்குக் கல் வைத்து, ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வையுங்கள், காக்கை கிட்ட வரத் தயங்கும். துணிந்த காக்கையும் உண்டு. அதற்குக் கொசுவலைத் துண்டுதான் வழி.

முதல் நாள் மாலை நாலு மணிக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். அப்போது வடாமின் மேற்புறம் காய்ந்து தோல் கட்டியிருக்கும், உள்ளே இன்னும் கூழ். ஓரத்தை நகத்தால் நெம்பினால் துணியோடு ஒட்டிய பக்கம் மெல்ல விட்டுக்கொடுக்கும். வாயில் போட்டால் முதலில் ரப்பர் மாதிரி இழுக்கும், அப்புறம் எலுமிச்சையும் மிளகாயும் ஒருசேர இறங்கும். கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பண்டம் இது. அந்த ஒரு மாலையில் மட்டும் இருப்பது. குழந்தைகளைக் காவலுக்கு உட்காரவைத்தால் கால்வாசி குறையும் என்று கணக்குப் போட்டே பிழியுங்கள்.

இரவு துணியோடு உள்ளே எடுத்துவந்து விரித்தபடியே வையுங்கள். சுருட்டக் கூடாது. மறுநாள் துணியைத் திருப்பி, அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வடாம் உடையாமல் உரியும். உரித்ததைத் தட்டிலோ முறத்திலோ போட்டு மேலும் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். உடைத்தால் வளையாமல் ‘டக்’ என்று ஒடிய வேண்டும். சென்னை, கடலூர், நாகை போலக் கடற்கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் ஈரக்காற்று திரும்பிவிடும். அங்கே மூன்று மணிக்கே எடுத்துவிட்டு, ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பாதியில் மழை வந்தால் ஒற்றை அடுக்காக மின்விசிறிக்கு அடியில் பரப்புங்கள். குவித்து மூடினால் இரண்டாம் நாள் நூல்விடும். இளஞ்சிவப்புப் புள்ளி கண்டால் அந்தத் தொகுதி போனதுதான்.

பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஒரு துண்டு போட்டால் அடிக்குப் போன வேகத்தில் மேலே வந்து இரண்டு பங்காக விரிய வேண்டும். மெதுவாக எழும்பினால் எண்ணெய் சூடு போதாது, வடாம் எண்ணெய் குடித்துக் கடுக்கென்று இருக்கும். எண்ணெய் சூடாக இருந்தும் நடுவில் மட்டும் விரியாமல் நின்றால் வடாம் சரியாகக் காயவில்லை. மிச்சத்தை இன்னொரு வெயில் காட்டுங்கள்.

அதே வெயிலில் மோர் மிளகாயும் ஆகிவிடும். அரை கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு நுனியில் கீறி, அரை லிட்டர் புளித்த தயிரைக் கெட்டி மோராகக் கடைந்து, 75 கிராம் உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவைக்கவும். பிறகு பகலில் மிளகாயை மட்டும் எடுத்துக் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க உறிஞ்சியதும் வெளுத்துச் சருகாகக் காயும் வரை வைத்து எடுத்துவிடலாம்.

வேப்பம்பூ

மரத்தடியில் இரவே சுத்தமான துணியை விரித்துவிட்டு, காலையில் வெயில் படுமுன் அள்ளுங்கள். சாலையோர மரம் வேண்டாம், தூசியைப் பிரித்தெடுக்க முடியாது. காம்பு, இலை பொறுக்கிப் புடைத்து, நிழலில் மூன்று நாள் உலர்த்தினால் பொன்னிறமாக, லேசாகத் தேன் வாடையோடு இருக்கும். கண்ணாடிப் புட்டியில் ஒரு வருடம் நிற்கும்.

ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூவே கிடைக்கும். மாங்காய் ஒன்றைத் தோல் சீவி நறுக்கி வேகவைத்து, 150 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கெட்டியானதும் கடுகும் ஒரு காய்ந்த மிளகாயும் தாளியுங்கள். பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். முன்னாலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு வெல்லம் முழுக்கப் பரவிவிடும். தூவினால் இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே கசப்பு வந்து போகும், அதுதான் வேண்டியது. ரசத்துக்கும் இதே விதி.

குண்டுமல்லித் தொட்டி

கோடையில் பூக்க வேண்டிய மல்லிகைக்கு வேலை நவம்பர் கடைசியிலேயே தொடங்குகிறது. ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, மேல்மண்ணைக் கிளறித் தொழு உரம் இரண்டு கை போடுங்கள். அப்படி வெட்டிய செடி மார்ச்சில் புதுத் துளிர்களின் நுனியில் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்டது ஏனோதானோ என்றுதான் பூக்கும்.

இலை தளதளவென்று இருந்து பூ இல்லையென்றால், பெரும்பாலும் வெயில் குறைவு. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மொட்டு ஊதாவாக மாறி உதிர்ந்தால் மொட்டுப்புழு. அவற்றைப் பறித்து அழித்துவிடுங்கள், செடியடியில் விட வேண்டாம். கோடையில் காலை ஏழு மணிக்குள் தண்ணீர், மண்ணின் மேல் தேங்காய் நார் ஒரு அடுக்கு.

மாலை நாலு மணிக்கு, பச்சை வாடை போய் முழுக்க வெளுத்துத் திரண்ட மொட்டுகளை மட்டும் பறியுங்கள். அன்றிரவு விரிவது அவைதான். பச்சையோடு பறித்தது விரியாமலே வாடும். நனைத்த வாழைநாரில் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் எட்டு மணிக்கு வீடே மணக்கும்.

நன்னாரி

நன்னாரி என்று விரல் தடிமனில் கிடைப்பது பெரும்பாலும் மாகாளி வேர். அதற்கும் மணம் உண்டு, ஆனால் நன்னாரி வேர் மெல்லியது, கறுத்த பழுப்பு நிறம். 50 கிராம் வேரை அலசி, இடித்து, நடுவில் உள்ள வெள்ளைக் குச்சியை எறிந்துவிடுங்கள். மணம் பட்டையில்தான் இருக்கிறது. பட்டையை அரை லிட்டர் கொதித்து இறக்கிய நீரில் போட்டு மூடி, ஓர் இரவு விடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை அடுப்படியிலேயே போய்விடும்.

மறுநாள் 1 கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் தண்ணீரும் ஒரு எலுமிச்சையின் சாறும் விட்டு ஒற்றைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, வடிகட்டிய வேர்த்தண்ணீரை ஊற்றி, ஒரே கொதியில் இறக்குங்கள். காய்ச்சும்போதே எலுமிச்சை சேர்ப்பது பாகு பூத்துப்போகாமல் இருக்க. ஃப்ரிட்ஜில் வைத்தால் கோடை முழுக்க வரும். ஒரு டம்ளர் பானைத் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை. நுங்கு கிடைக்கும் நாளில் இளசாக இரண்டு சுளையை நசுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பெருவிரலால் அழுத்தினால் குழைய வேண்டும், முற்றிய நுங்கு வயிற்றைப் பிடிக்கும்.

பானை

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும். பானை அதற்குள் பழகியிருக்க வேண்டும். சுண்டினால் கணீரென்று ஒலிப்பதாக, உள்ளும் வெளியும் வர்ணமோ மெருகோ பூசாததாகப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமுக்கி வைத்து, அடுத்த இரண்டு நாள் நிரப்பி நிரப்பிக் கொட்டினால் மண்வாடை பதமாகிவிடும். சமையல் சட்டியைப் பழக்குவது போலக் கஞ்சி ஊற்றிக் கொதிக்கவிட வேண்டாம், கண்ணடைத்துக்கொள்ளும்.

பானையின் கண் வழியாகக் கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் உள்ளே குளிர்கிறது. ஆகவே மூலையில் வைத்த பானை குளிராது. காற்று வரும் ஜன்னலடியில், ஈர மணல் தட்டின் மேல் வையுங்கள். மதுரை, திருச்சி போல வறண்ட காற்றுள்ள ஊரில் ஜில்லென்று இருக்கும். கடலோரத்தில் புழுக்கமான நாளில் அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. வெட்டிவேர் ஒரு கைப்பிடியை அலசி, துணியில் முடிந்து போட்டு, மூன்று நாளுக்கு ஒரு தரம் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், நீளக் காம்புள்ள அகப்பையால் மட்டும் மொள்ளுங்கள்.

முந்தின ஆண்டுப் பானை வெளியே வியர்க்கவில்லையென்றால் உப்புத் தண்ணீர் கண்ணை அடைத்துவிட்டது. தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து இரண்டு வெயில் காட்டிப் பாருங்கள். சோப்பு கூடவே கூடாது. மண் அதைக் குடித்துவிட்டு ஒரு மாதம் தண்ணீரில் விடும். தேய்த்தும் குளிரவில்லை என்றால் துளசி வைக்க ஒரு தொட்டி கிடைத்தது. நல்ல பானையை வைகாசி முடிந்து மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் காலி செய்து, இரண்டு வெயிலில் முழுக்கக் காயவைத்து, துணி சுற்றிப் பரணில் கவிழ்த்து வையுங்கள்.